மரித்தோர் கற்பித்த முழங்கால்

ஆனி பிறந்து, மலையாளக் கரையில் கொட்டித் தீர்த்த மேகம் பொதிகைத் தொடரின் முகடுகளைக் கடந்து கிழக்கே இறங்கும்போது தன் கனத்தையெல்லாம் மலைமேலேயே விட்டுவிட்டுச் சாரலாக மட்டும் வந்து தென்காசிக் கோபுரத்தை நனைக்கும் நாட்களில், பேரருவியின் அடியிலும் ஐந்தருவியின் படிகளிலும் பழைய குற்றாலத்துப் பாறைகளிலும் வந்து நிற்கிற ஜனங்களுக்குத் தலைமேல் விழும் தண்ணீரைப் பற்றிய நினைவு இருக்குமேயன்றி, காலடியிலுள்ள கல்லைப் பற்றிய நினைவு இருப்பதில்லை. அந்தக் கல்லோ, காலங்காலமாகத் தண்ணீர் தேய்த்த வழவழப்போடு, பாசியின் வழுக்கலையும், எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் விட்டுப்போன பிசுக்கையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது.

2003ஆம் வருஷத்துச் சாரலில் நான் அந்தக் கல்லை அறிந்துகொண்டேன். இடது பாதம் பாறையிடுக்கில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. அருவியின் இரைச்சலையும் மீறி, முழங்காலுக்குள் சுள்ளி ஒடிந்தாற்போல ஒரு சப்தம் என் காதுக்குக் கேட்டது. ஒரு மணி நேரத்திற்குள் மூட்டு பனங்காயாய் வீங்கிவிட்டது. பிசகு என்று எல்லாரும் சொன்னார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டோடு நாற்பது நாள் படுத்திருந்தேன். வீக்கமும் வலியும் போயின. ஆனால் அதன் பிறகு, காசிவிசுவநாதர் சந்நிதியில் படியிறங்கும்போதும், பஸ்ஸைவிட்டுக் குதிக்கும்போதும், திடீரென்று யாராவது பெயர் சொல்லி அழைக்கத் திரும்பும்போதும், தொடையெலும்பு ஒரு பக்கமும் கணைக்கால் எலும்பு ஒரு பக்கமுமாக நழுவிப்போவதுபோல் முழங்கால் என்னைக் கைவிடத் தொடங்கிற்று. வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், தன் காலையே நம்பமுடியாமல் நடப்பது அதைவிடப் பெரிய துன்பம்.

மறு வருஷம் திருநெல்வேலியில் என்னைப் பரிசோதித்த வைத்தியர், காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பற்றி, மறு கையால் கணைக்காலை முன்னோக்கி இழுத்தார். நல்ல முழங்காலில் அந்த இழுப்பு ஓரிடத்தில் ‘டக்’கென்று நிற்கும். என் காலில் அது நிற்கவில்லை. கட்டவிழ்ந்த தோணி அலையில் நகர்வதுபோல் நகர்ந்துகொண்டே போயிற்று. “ஏ.சி.எல். போயிருக்கு சார்” என்றார் அவர். அறுவைக்கு முந்திய நாள் மாலை, எலும்பில் எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்பது எப்படித் தெரியும் என்று நான் கேட்டதற்கு, அவர் சொன்ன பதில் இருபது வருஷமாக என் மனத்தைவிட்டு நீங்கவில்லை. “அதை எனக்குக் கத்துக்கொடுத்தது உயிரோட இருக்கிற வாத்தியார் இல்லை சார், பேர்கூடத் தெரியாத ஒருத்தரோட முழங்கால்.”

பக்கத்துக் கட்டிலில் ஆலங்குளத்துப் பக்கத்தைச் சேர்ந்த கபடி ஆட்டக்காரர் ஒருவர் படுத்திருந்தார். பாடிப் போனவர், கோட்டைத் தொடுவதற்காகச் சட்டென்று திரும்பியபோது அவருக்கும் அதே சப்தம் கேட்டதாம். “ஜவ்வு போயிட்டு அண்ணாச்சி” என்றார். எங்கள் பக்கத்தில் மூட்டுக்குள் எது கிழிந்தாலும் அதற்கு ஜவ்வு என்ற ஒரே பெயர்தான். எலும்புகளுக்கிடையே மெத்தைபோலக் கிடக்கும் பிறைவடிவக் குருத்தும் ஜவ்வு. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நாரும் ஜவ்வு. பாடப்புத்தகங்கள் தசைநார் என்கின்றன. அதுவும் முற்றிலும் பொருந்தாது, ஏனெனில் இந்த நார் தசையில் தொடங்குவதுமில்லை, தசையில் முடிவதுமில்லை. முழங்காலின் நடுவே இரண்டு நார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்வதால் அவற்றைச் சிலுவைநார்கள் என்று சொல்லுகிறார்கள். முன்னேயிருந்து தொடங்குவது முன் சிலுவைநார், அதுவே ஏ.சி.எல். நீளம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர், கனம் நம் சுண்டுவிரல் அளவு. இவ்வளவு சிறியதொரு கயிறு அறுந்தால் ஆள் ஓடமுடியாது, ஆடமுடியாது.

இதைக் கண்ணால் காணவேண்டும் என்ற ஆவல் எனக்கு வெகுநாள் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்காசிக் கறிக்கடை ஒன்றில், ஆட்டின் பின்னங்காலில் தொடையும் கணையும் சேரும் மூட்டை வெட்டாமல் முழுசாகக் கொடுக்கும்படி கேட்டபோது, கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, “அதுல கறியே கிடையாதே அண்ணாச்சி, என்னத்தப் பண்ணப் போறிய?” என்றார். சங்கதியைச் சொன்னதும், “பொறுங்க பாய், நானே தொறந்து காட்டுதேன்” என்று அவருடைய உதவியாளர் குனிந்து, சில்லெலும்பை ஒதுக்கி, மூட்டின் உறையைக் கீறினார். முட்டையின் வெள்ளைக்கருவைப் போலக் கொழகொழப்பான தெளிந்த திரவம் கசிந்தது. எலும்பு முனைகள் பீங்கான்போல் பளபளத்தன. அவற்றின் நடுப்பள்ளத்தில், முத்தின் வெண்மையோடு, நூல்களை முறுக்கித் திரித்தாற்போல இரண்டு நார்கள் குறுக்காகக் கிடந்தன. காலை நீட்டினால் ஒரு நாரின் ஒரு பகுதி விறைத்தது. மடக்கினால் அது தளர்ந்து மற்றொரு பகுதி விறைத்தது. ஒரே கயிற்றுக்குள் இரண்டு கயிறுகள், முறை வைத்து வேலை செய்தன. மனித முழங்காலிலும் அமைப்பு இவ்வாறே. ஆராய்ச்சிக்கூடங்களில் வெள்ளாட்டின் முழங்காலையே மாதிரியாக வைத்துப் பல பரீக்ஷைகள் செய்கிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். ஆயினும் ஆடு நான்கு காலால் நிற்பது. மனிதன் இரண்டு காலால் நிற்கிறான். அவனுடைய முழங்காலை அறிய அவனுடைய முழங்காலையேதான் திறக்க வேண்டும்.

அப்படித் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்பதை நம் நாட்டில் வெகு காலத்திற்கு முன்பே வற்புறுத்தியவர் சுஸ்ருதர். விஷத்தாலும் நெடுநோயாலும் இறவாத ஒருவருடைய உடலைத் தேர்ந்து, புல்லாலும் நாராலும் சுற்றி, கூண்டிலிட்டு, மறைவான ஓரிடத்தில் மெல்ல ஓடும் ஆற்றுநீரில் ஏழு இரவுகள் கிடத்தி, பிறகு எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் இவற்றால் செய்த தூரிகையால் மெதுவாகத் தேய்த்துத் தேய்த்து, தோலிலிருந்து தொடங்கி உள்ளுறுப்புக்கள் வரை ஒவ்வொன்றாகக் கண்ணால் காணவேண்டும் என்று அவருடைய சம்ஹிதை விதிக்கிறது. சிற்றாற்றங்கரையில் உட்கார்ந்து அந்தப் பகுதியைப் படிக்கும்போது, கத்தியே இல்லாமல் தண்ணீரையும் வேரையும் கொண்டு உடலின் அடுக்குகளை அவிழ்க்க நினைத்த அந்தப் பொறுமையின்மேல் எனக்கு அளவற்ற மரியாதை உண்டாகிறது. எலும்புகளைப் பிணைக்கும் நார்களுக்கு அவர் ஸ்நாயு என்று பெயரிட்டு, உடம்பில் 900 ஸ்நாயுக்கள் உண்டென்று கணக்கிட்டார். பலகைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஓடம் தண்ணீரில் பாரம் சுமப்பதைப் போல, ஸ்நாயுவால் கட்டுண்ட மூட்டுக்களால் சரீரம் பாரம் சுமக்கிறது என்பது அவர் காட்டிய உவமை. கட்டவிழ்ந்த ஓடமாக என் முழங்கால் நகர்ந்ததை நினைத்தால், அந்த உவமையில் மிகை சிறிதுமில்லை என்பேன்.

பின்னால் வந்த நூற்றாண்டுகளில் பிரேதத்தைத் தொடுவது தீட்டு என்ற எண்ணம் ஓங்கி, இந்தக் கண்கண்ட கல்வி மறைந்து, நூல் மட்டும் மிஞ்சிற்று. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டித மதுசூதன குப்தர் 1836ல் மனித உடலில் கத்தி வைத்தபோது, வில்லியம் கோட்டையில் பீரங்கி முழக்கி அந்தச் செய்கையைக் கொண்டாடினார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அவர் ஆயுர்வேதம் கற்ற வைத்திய குலத்தவர், சுஸ்ருதரை அறிந்தவர். அதே 1836ஆம் வருஷம் ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள், மனிதன் நடக்கும் யந்திர நுட்பத்தைப் பற்றி எழுதிய நூலில், பிரேதங்களின் முழங்காலைச் சோதித்து, சிலுவைநாரின் பகுதிகள் நீட்டும்போதும் மடக்கும்போதும் மாறி மாறி விறைப்பதை விளக்கியிருந்தார்கள். கறிக்கடையில் நான் கண்டது அதுவே. ஓரிடத்தில் பிரேதத்தைத் தொடலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்த வருஷத்தில், மற்றோரிடத்தில் தொட்டவர்கள் இவ்வளவு தூரம் போயிருந்தார்கள்.

தமிழில் இந்தச் சாஸ்திரம் புகுந்த கதையையும் இங்கே சொல்லவேண்டும். 1847ல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தங்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், உடற்கூற்று நூலுக்கு ‘அங்காதிபாதம்’ என்ற பெயரை வழங்கினார். இன்றைய ‘உடற்கூறியல்’ என்ற சொல்லைவிட அந்தப் பழைய சொல்லே எனக்கு இனிக்கிறது; தலைமுதல் பாதம்வரை ஒன்றையும் விடாமல் பார்ப்பது என்ற நிறைவு அதில் இருக்கிறது.

பிரேதத்தின் முழங்காலிடம் கேள்வி கேட்பது எப்படி என்பதற்குப் பாரிஸ் நகரத்துப் பால் செகோன் என்ற சத்திர வைத்தியர் 1879ல் செய்த பரீக்ஷையைப் போலத் தெளிந்த உதாரணம் வேறில்லை. அவர் பிரேதங்களின் முழங்காலை மடக்கி, பலங்கொண்டமட்டும் உள்நோக்கி முறுக்கினார். ஒரு சப்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது, கணைக்கால் எலும்பின் வெளிவிளிம்பிலிருந்து சிறியதொரு சிம்பு, முத்துப்போல் வெளுத்த ஒரு நார்ப்பட்டையோடு ஒட்டியபடியே பெயர்ந்து வந்திருக்கக் கண்டார். ரான்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தது 1895ல். உயிருள்ள மனிதனின் எலும்பை வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லாத காலத்தில், பதினாறு வருஷம் முந்தியே, எக்ஸ்ரே படத்தில் என்ன தெரியப்போகிறது என்பதைப் பிரேதத்தின் மூலம் அவர் அறிந்துவிட்டார். இன்று முழங்கால் படத்தின் வெளியோரத்தில் நகக்கீற்றுப் போன்ற அந்தச் சிம்பைக் கண்டால், உள்ளே சிலுவைநாரும் அறுந்திருக்கிறது என்று வைத்தியர்கள் அநேகமாக நிச்சயித்துவிடுகிறார்கள். அதற்குச் செகோன் முறிவு என்றே பெயர். அவர் கண்ட அந்த முத்துநிறப் பட்டையோ, நூற்றுமுப்பது வருஷங்களுக்கு மேலாக அதிகம் பேசப்படாமலே கிடந்தது. பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் கிளாஸ், யோகான் பெல்லமன்ஸ் முதலியோர் 41 பிரேத முழங்கால்களை வரிசையாக அறுத்துப் பார்த்து, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அந்த நார் உண்டென்று 2013ல் எழுதியபோது, மனித உடலில் புதிய உறுப்பு கண்டுபிடிக்கப்பட்டது என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. புதியது ஒன்றுமில்லை, முன்னே ஒருவர் கண்டதை மறுபடியும் பொறுமையாகப் பார்த்தார்கள், அவ்வளவே. அந்தப் பொறுமை எளிதன்று என்பதையும் சொல்லவேண்டும். அந்த நார் மெல்லியது. சுற்றியுள்ள சவ்வோடு கலந்து கிடப்பது. கத்தி ஒரு நூலளவு தவறினாலும் அந்த நார் சவ்வோடு போய்விடும்.

மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பியும் பிரேதத்திலேதான் பிறந்தது. டோக்கியோவில் கென்ஜி தகாகி என்பவர் 1918ல் மூத்திரப்பையைப் பார்க்கும் கருவியைப் பிரேதத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். காசநோயால் மூட்டு இறுகிப்போனால், தரையில் மண்டியிட்டு உட்காரும் ஜப்பானியர்களுக்கு வாழ்க்கையே முடங்கிவிடும் என்ற கவலைதான் அவரைத் தூண்டியது. சம்மணமிட்டு உண்ணுகிற நமக்கு அந்தக் கவலையின் அருமை நன்றாகவே தெரியும். அவருடைய மாணவர் மசாகி வதனபே அந்தக் கருவியைத் திருத்தி, 1962ல் அதன் வழியாகவே கிழிந்த குருத்தை வெட்டியெடுத்தார். என் முழங்காலில் இருக்கும் தழும்புகள் அரிசிமணி அளவில் நிற்பதற்கு இவ்விருவரும் காரணம்.

நார் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்விக்கு உயிருள்ளவர் எவரும் விடை தரமுடியாது; அறுந்தால்தானே தெரியும்? சேவியோ வூ என்பவரும் அவருடைய குழுவினரும் 27 ஜோடிப் பிரேத முழங்கால்களில் சிலுவைநாரை எலும்போடு சேர்த்துப் பிடித்து, யந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, 1991ல் அதன் கணக்கை வெளியிட்டார்கள். 22 வயதுமுதல் 35 வயதுவரை உள்ளவர்களின் நார் சராசரியாக 2160 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 220 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தாங்கிற்று. 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் நாரோ 658 நியூட்டனில், 67 கிலோ அளவிலேயே அறுந்தது. இந்த இரண்டு எண்களும் எவ்வளவு முக்கியமானவை என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் உடல்களில் பெரும்பாலானவை முதியோருடையவை. சிகிச்சை தேடி வருபவர்களில் பெரும்பாலோர் இருபது வயதுக் கபடிக்காரர்கள். முதியவரின் நாரை அளந்து இளைஞனுக்குக் கயிறு திரித்தால், மூன்றில் ஒரு பங்கு வலுவோடு அவனைக் களத்துக்கு அனுப்பியவர்கள் ஆவோம். ஆகவே பிரேதம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அது யாருடைய உடல், என்ன வயது, என்று கேட்டு வாங்கவேண்டும் என்பதையும் அந்த ஆராய்ச்சியே கற்பித்தது.

இதற்குப் பதினொரு வருஷம் முன்னதாகவே, பட்லர், நாய்ஸ், குரூட் என்ற மூவர் வேறொரு வகையில் கேட்டிருந்தார்கள். கணைக்காலை முன்னே இழுக்கும்போது தடுப்பது எது? பிரேத முழங்காலைக் குறிப்பிட்ட தூரம் இழுத்து அதற்கு வேண்டிய பலத்தை அளந்தார்கள். ஒரு நாரை அறுத்தார்கள். மறுபடியும் அதே தூரம் இழுத்தார்கள். குறைந்த பலமே அறுந்த நார் சுமந்த பங்கு. முன் சிலுவைநார் மட்டும் அந்தப் பாரத்தில் சராசரியாக 86 சதவீதத்தைச் சுமக்கிறது என்று 1980ல் தெரிந்தது. மற்ற நார்களும் உறைகளும் சேர்ந்து மிச்சத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. நாற்பது நாள் கட்டு என் காலுக்கு ஏன் போதவில்லை என்பதற்கும் இதுவே விடை: வீக்கம் வடிந்தது, சிறிய காயங்கள் ஆறின, ஆனால் நூறில் எண்பத்தாறு பங்கைச் சுமந்தவன் வேலைக்கு வரவில்லை. மூட்டுத்திரவத்தில் மிதக்கும் அறுந்த முனைகள் தாமாக ஒட்டுவதும் அரிது. என் காலைக் கட்டியவர் அறிந்த அளவில் நல்லதே செய்தார். உள்ளே எது அறுந்தது என்பதைக் கட்டுக்கு வெளியிலிருந்து அவரால் காணமுடியவில்லை.

அறுந்த நாருக்குப் பதிலாக, தொடையின் பின்புறத்துத் தசைநாண்களில் இரண்டையோ, சில்லெலும்புக்குக் கீழேயுள்ள நாணின் நடுப்பகுதியையோ எடுத்து, எலும்பில் சுரங்கம் துளைத்து, அதன் வழியே இழுத்துப் பொருத்துகிறார்கள். ஓரிடத்து நாணை எடுத்து வேறிடத்தில் வேலை வாங்கும் இந்தக் கலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய முன்னோடி உண்டு. கொல்லிமலையில் 1914ல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைத் திறந்து கொடுத்த டாக்டர் பால் பிராண்ட் அவர்களைச் சொல்லுகிறேன். தொழுநோயில் நரம்பு எங்கே எப்படிக் கெடுகிறது என்று தெரியாமல் அவர் திகைத்திருந்த நாட்களில், செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தில் ஒரு நோயாளி இறந்த செய்தி வந்தது. இரவோடிரவாக அங்கே போய், விடிவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், அந்த உடலின் கையிலும் காலிலும் நரம்புகளை நீளவாக்கில் திறந்து பார்த்தார்கள். நரம்பு ஆழத்தில் ஓடும் இடங்களில் சாதாரணமாக இருந்தது. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று தோலுக்கு அருகே வரும் இடங்களில் மட்டும் வீங்கியிருந்தது. உடலின் குளிர்ந்த பகுதிகளிலேயே அந்தக் கிருமி செழிக்கிறது என்ற உண்மை இவ்வாறு துலங்கிற்று. முழங்கைக்குக் கீழே சில தசைகள் எப்போதும் கெடாமலே இருக்கும், அவற்றின் நாண்களை அச்சமின்றி எடுத்து விரல்களுக்கு மாற்றலாம் என்ற தைரியமும் பிறந்தது. அன்றிரவு மேசைமேல் கிடந்த அந்த மனிதரை உயிரோடிருந்தபோது ஊர் ஒதுக்கியிருக்கும். அவருடைய உடலிலிருந்து கற்ற பாடத்தால் ஆயிரக்கணக்கான கைகள் மீண்டும் சோற்றைப் பிசைந்தன.

முழங்காலுக்குத் திரும்புவோம். துளை எங்கே என்ற என் கேள்விக்கு முழு விடை வர வெகுகாலம் ஆயிற்று. தொடையெலும்பின் நடுப்பள்ளத்தைக் கடிகார முகமாகப் பாவித்து, வலது முழங்காலில் பதினொரு மணி இருக்கும் இடத்தில் துளையிடுவது ஒரு காலத்தில் வழக்கம். இப்படிச் செய்த கால்களில் முன்னே இழுத்தால் ‘டக்’கென்று நின்றது; வைத்தியருக்குத் திருப்தி. ஆனால் ஆட்டக்காரர்கள் களத்தில் திரும்பும்போது மூட்டு சுழல்கிறது என்று குறைப்பட்டார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யந்திரக் கையொன்றில் பிரேத முழங்காலைப் பொருத்தி, அது செல்லும் பாதையைக் கடுகளவும் பிசகாமல் ஞாபகம் வைத்து, நார் உள்ளபோதும் அறுத்தபிறகும் புதிய நார் வைத்தபிறகும் அதே பாதையில் மீண்டும் மீண்டும் நடத்தி அளந்தார்கள். ஹாங்காங்கில் பிறந்த ஃப்ரெடி ஃபூ என்ற புகழ்பெற்ற சத்திர வைத்தியர் அங்கே இந்த ஆராய்ச்சிகளை ஊக்கினார். துளையைப் பத்து மணி இடத்துக்கு இறக்கினால், முன்னிழுப்போடு சுழற்சியையும் நன்றாகத் தடுக்கிறது என்று 2003ல் அவர்கள் தெரிவித்தார்கள். முள் ஒரு மணி நேரம் நகரும் தூரம், முழங்காலுக்குள் சில மில்லிமீட்டர்! அந்தச் சில மில்லிமீட்டரை உயிருள்ள நோயாளிகளிடம் தேடியிருந்தால், எத்தனை பேருடைய கால்கள் பரீக்ஷைக்கு ஆளாகியிருக்கும்?

பிரேதத்துக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அதில் தசை இழுக்காது, ரத்தம் ஓடாது, காயம் ஆறாது. அறுவை முடிந்த அந்த நிமிஷத்தில் ஒட்டுநார் எவ்வளவு உறுதி என்பதை மட்டும் அது சொல்லும். அதன்பின் உயிருள்ள காலில் அந்த நாண் முதலில் நைந்து, புதிய ரத்தநாளங்கள் புகுந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சிலுவைநாராக மாறும் விந்தையைச் சொல்லாது. கபடிக்காரரை ஒன்பது மாதமாவது களத்துக்குப் போகாதே என்று தடுப்பது இந்த மாற்றத்துக்காகவே. உடலைப் பாதுகாக்கும் ஃபார்மலின் திரவமோ, நெடியோடு சேர்த்து விறைப்பையும் தருகிறது. அதில் ஊறிய முழங்கால் மடங்காது, நாரின் இயல்பும் மாறிவிடும். ஆகையால் ஆராய்ச்சிக்கு உடலைக் கழித்தல் இருபது டிகிரிக் குளிரில் உறையவைத்து, முதல் நாள் எடுத்து வைத்து இளகச் செய்கிறார்கள். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்து வால்டர் டீல் என்ற பேராசிரியர், உடல் மென்மையாகவே இருக்கும்படி ஒரு பதமுறையை 1992ல் வெளியிட்டார். தூங்குகிறவரின் கால்போல் அது மடங்கும். பெங்களூர் எம்.எஸ். ராமையா கல்விக்கூடம் போன்ற இடங்களில் இளம் வைத்தியர்கள் முதல் துளையை இத்தகைய முழங்கால்களிலேயே போட்டுப் பழகுகிறார்கள். முதல் துளை தவறத்தான் செய்யும். அது என் காலில் தவறவில்லை என்பதற்காக, எவருடைய காலில் தவறியதோ அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் யார் என்ற கேள்வி சங்கடமானது. 1828ல் எடின்பரோ நகரத்தில் பர்க், ஹேர் என்ற இருவர், அறுவைக்கூடத்துக்கு விற்பதற்காகவே பதினாறு பேரைக் கொன்ற கொடுமைக்குப் பிறகே பிரிட்டனில் 1832ல் சட்டம் பிறந்தது. நம் மாநிலத்தில் 1951ஆம் வருஷத்து உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோருவாரில்லாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்க இடமளிக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் வைத்தியர்கள் அத்தகைய அநாதை உடல்களிலேதான் பெரிதும் பயின்றார்கள். கேட்கப்படாமல் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த ஏழைகளின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணிவிட என் மனம் ஒப்பவில்லை. மனமுவந்து எழுதிக்கொடுத்தவர்களின் உடலில் பயில்வதே முறை என்று நினைக்கிறேன். வங்கத்து ஜோதிபாசுவின் உடல் 2010ல் கல்கத்தாவிலும், சீதாராம் யெச்சூரியின் உடல் 2024ல் டில்லியிலும் மருத்துவக் கல்விக்குப் போயின. நம் நடிகர் கமல்ஹாசன் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். உறுப்பு தானத்தையும் இதையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். அது மூளைச்சாவு நேர்ந்தவரிடமிருந்து உயிருள்ள உறுப்பைப் பெறுவது. இது வீட்டில் இயற்கையாக இறந்த முதியவர்கூடத் தரக்கூடியது. கண்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம். விபத்தில் இறந்து பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்றுநோய்கள் கண்ட உடலையும் ஏற்பதில்லை. எழுதிவைத்தால் மட்டும் போதாது; இறந்தபின் வாரிசுகள் இசைந்து, சில மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும்.

தென்காசி 2019ல் தனி மாவட்டமாயிற்றாயினும் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் இங்கே இல்லை. 1965ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்கு, ஜனங்கள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று வழங்கும் பாளையங்கோட்டைக்குத்தான் போகவேண்டும். சென்ற மாசியில் நான் போனேன். வீட்டில் இதைச் சொன்ன இரவு என் மனைவி வெகுநேரம் பேசவில்லை, பிறகு, “அஸ்திகூடச் சிற்றாத்துல கரைக்க முடியாதா?” என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சாட்சிக் கையெழுத்துப் போட அவளே கிளம்பி வந்தாள்.

உடற்கூற்றுத் துறையில் படிவத்தை வாங்கிப் பார்த்த ஆசிரியை, அறுவை ஏதாவது செய்துகொண்டதுண்டா என்று கேட்டார். இடது முழங்கால், ஏ.சி.எல்., 2004ஆம் வருஷம், உள்ளே இரண்டு திருகாணிகள் என்று சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வைத்த நார் இருபது வருஷத்துக்குப் பின் எலும்போடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று திறந்து பார்க்கக் கிடைப்பது மிக அரிது என்றும், பிள்ளைகளுக்கு அதைக் காட்டமுடிந்தால் மிகவும் நல்லது என்றும் சொல்லி, படிவத்தின் ஓரத்தில் “இடது முழங்கால்” என்று எழுதி அடிக்கோடிட்டார்.